பதினான்காம் சுற்றில் யோன்

பாரிஸ், 21.3.1987

அன்பின் ராதா,

வழக்கம்போலப் பிந்தித்தான் எழுதுகிறேன். உம்முடைய பதின்மூன்றாம் சுற்றுக் கடிதம் வந்து இரண்டு கிழமை. பேர்ளிக்கு ஒன்பது மாதம், பல் முளைக்கிறது. எழுதக் குந்தினால் பேனையைப் பிடுங்கிக் கடிக்கிறாள். என் புருசன் மடுத்தீன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி முடித்து வரும்வரை உள்ள நேரம் மட்டுந்தான் எனக்கென்று மிஞ்சுகிறது. அதையும் நித்திரையும் கவலையும் பங்குபோட்டுக்கொள்கின்றன.

முதலில் விளையாட்டுக்கு என் கட்டளை. பதினான்காம் சுற்று, இம்மாகுலேற்: மூன்றாம் படிக்கட்டிலேயே நிற்கிறேன். கயிற்றைத் தூணில் கட்டி, மறுமுனையை யோனுக்கும் தவரத்தினத்துக்கும் கொடுக்கிறேன். அவர்கள் சொல்லாமல் ஒரு படி கீழே இறங்கமாட்டேன்.

நிற்க. இனி மனதில் உள்ளது. அண்ணையிடமிருந்து தை மாதத்துக்குப் பிறகு கடிதம் இல்லை. இந்தச் சண்டைக்குள் மன்னாரிலிருந்து தபால் வருவதே அதிசயம் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். நான் பயப்படவில்லை. ஆனால் நீர் இந்தச் சுற்றுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30 என்று எழுதியிருக்கிறீர். கட்டளை அனுப்பாதவர் நின்ற இடத்தில் நிற்பார், ஆபத்து வந்தால் நடுவராகிய நீர் அவருக்காக இருபது முகக் கட்டையை உருட்டுவீர் என்பது எங்கள் விதி. அந்த விதியைக் கம்பஸ் விடுதியில் போட்டபோது நாங்கள் நால்வரும் ஒரே மேசையைச் சுற்றி இருந்தோம். பிந்துகிறவன் என்றால் கன்ரீனில் வடை தின்றுகொண்டிருக்கிறவன் என்று பொருள். இப்போது நீர் லண்டனில், தவரத்தினம் ஜெர்மனியில், நான் இங்கே, அண்ணை ஊரில். உம்முடைய மாமா அனுப்பிய அந்த ஆங்கில விதிப்புத்தகத்தில் தபால் என்ற சொல்லே கிடையாது.

இன்னொன்று. வேறு பெயர் வைக்க வெட்கப்பட்டு, முதல்நாளே எல்லாரும் சொந்தப் பெயரில் விளையாடத் தொடங்கிவிட்டோம். காகிதத்தில் மட்டும் இருக்கிற ஒரு பாழ்கோட்டைக்குள் யோன், இம்மாகுலேற், தவரத்தினம் என்று மூன்று பேர் ஆறு வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே மட்டுந்தான் அண்ணையை யோன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற உரிமை எனக்கு உண்டு.

ஆகவே கேட்கிறேன். கடிதம் வரும்வரை யோனுக்காகக் கட்டையை உருட்டாதேயும். மயங்கிக் கிடக்கிறான் என்று வையும். தவம் இப்போது ஜெர்மன்காரப் பெடியளோடும் விளையாடுகிறாராம். அங்கே ஆளுடைய சம்மதம் இல்லாமல் ஒருவரும் சாவதில்லையாம். கதைதான் முக்கியமாம். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

அன்புடன்,
இம்மா


லண்டன், 3.4.1987

அன்பின் இம்மா,

சுகம்தானே? பேர்ளியின் பல்லுக்கு என் வாழ்த்து. பெற்றோல் செற்றில் ஆள் வராத நேரம் பார்த்துக் கல்லாவுக்குப் பின்னால் இருந்து எழுதுகிறேன், எண்ணெய் பிரண்டிருந்தால் மன்னியும்.

உம்முடைய கேள்விக்கு மறுமொழி: முடியாது.

இந்தியப் படத்தில் கதாநாயகனுக்குக் குண்டு எப்போதும் தோளில்தான் படும். அதைப் பார்த்து நாங்கள் விசிலடித்தோமே தவிர, ஒருநாளாவது பயந்தோமா? தவத்தின் ஜெர்மன்காரர் விளையாடுவது அதுதான். சாகமாட்டேன் என்று தெரிந்தவன் படியில் கால் வைக்கமுன் தடியால் தட்டிப் பார்ப்பானா? “இந்தச் சுவர் ஏன் ஈரமாக இருக்கு?” என்று கேட்பானா? எங்கள் விளையாட்டில் தப்புகிறவன் புத்தியால் தப்புகிறான், நடுவரின் இரக்கத்தால் அல்ல. நான் கொல்கிறதுமில்லை, காக்கிறதுமில்லை. உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் கேட்கிறீர்கள். மிச்சம் இருபது முகக் கட்டையின் கையில்.

கேட்கிறீர்கள் என்று எழுதிவிட்டேன். உண்மையில் கேட்பதே இல்லை. பன்னிரண்டாம் சுற்றில் படிக்கட்டில் கிடந்த எலும்புக்கூடுகளைப் பற்றி ஒரு பந்தி முழுக்க எழுதியிருந்தேன். நீரும் கேட்கவில்லை, தவமும் கேட்கவில்லை. திரும்ப எடுத்து வாசியும். இதற்கு மேல் சொன்னால் நான் நடுவர் இல்லை.

தவம் இப்போது மூன்றாவது தவரத்தினம். முதலாவதைப் பாம்பு கடித்தது, இரண்டாவது கிணற்றுக்குள் விழுந்தது. ஒவ்வொரு தரமும் கறுப்புக் கரை போட்டு மரண அறிவித்தல் எழுதி விடுதிப் பலகையில் குத்தினோம். அவரே ஊசி பிடித்துத் தந்தார். உமக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அப்போது சாவு பகிடி, இப்போது பாவமோ?

ஒரேயொரு சலுகை. கடைசி நாளை மே 9க்குத் தள்ளிவைக்கிறேன். யோன் எழுதுவான். அவன் எழுதாமல் இருக்கிற ஆளில்லை.

ராதா


பாரிஸ், 24.4.1987

ராதா,

சிரித்தது உண்மை. தவம் செத்தபோதெல்லாம் அவர் எனக்கு எதிரே இருந்து பாண் தின்றுகொண்டிருந்தார்.

பன்னிரண்டு கிழமையாகிறது. மன்னார்ப் பக்கத்தைப் பற்றிக் கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கேட்காமல் காதைப் பொத்தவும் முடியவில்லை, கேட்டுவிட்டுப் பேர்ளிக்குக் கஞ்சி தீத்தவும் முடியவில்லை. எலும்புக்கூட்டுப் பந்தியை எடுத்தேன். இரண்டு வரிக்கு மேல் கண் ஓடவில்லை.

உருட்டித்தான் தீருவீர் என்றால், இந்த ஒரு சுற்றுக்கு அவனுக்கு வேறு பெயர் வையும். யோன் என்று எழுதி அதற்குப் பக்கத்தில் ஓர் இலக்கத்தை எழுதாதேயும். இது விதிக்கு விரோதம் இல்லையே?

விலாசம் மாறவில்லை. ரூ பெர்தொனே தெருவில் பொன்னம்பலம் அண்ணையின் கடைக்கே போடும். எங்கள் அறை இன்னொருவர் பெயரில் இருக்கிறது, தபால்பெட்டியில் எங்கள் பெயர் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கற் பேணி. எல்லாருடைய கடிதமும் அதற்குள்தான், எல்லாருடைய கையும் அதற்குள்தான். உறையை நன்றாக ஒட்டும்.

இம்மா


(தபால் அட்டை. நான்கு பக்கமும் கறுப்பு மையால் கரை.)

லண்டன், 11.5.1987

மரண அறிவித்தல்

மன்னாரைச் சேர்ந்தவரும் லாம்பு ஏந்தியவருமான
யோன்
9.5.1987 சனிக்கிழமை அகால மரணமடைந்தார்.
அன்னாரின் ஆத்மா சாந்தியடைவதாக.

தகவல்: ராதாகிருஷ்ணன், லண்டன்


பாரிஸ், 19.5.1987

ராதாகிருஷ்ணன்,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீர் அதை வரிசையாக வாசிக்கவேண்டும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பேர்ளியைத் தூக்கிக்கொண்டு அரிசிமா வாங்கப் போனேன். கடைக்குள் லூசியா அக்காவோடு நாலைந்து பேர். நான் உள்ளே வர எல்லாருடைய கதையும் நின்றது. பொன்னம்பலம் அண்ணை கல்லாவை விட்டு வெளியே வந்தார். இரண்டு வருடத்தில் அவர் கல்லாவை விட்டு வந்ததை நான் கண்டதில்லை.

“தங்கச்சி, பிள்ளையை லூசியாட்டைக் குடுங்கோ.”

“ஏன் அண்ணை?”

“குடுங்கோ. நீங்கள் இதிலை இருங்கோ.” வெங்காய மூட்டைக்கு மேல் என்னை இருத்தினார்கள். “ஒரு சேதி வந்திருக்கு. மடுத்தீன் வரட்டும், ஆள் அனுப்பியிருக்கிறன்.”

“ஆர் அண்ணை? அப்பாவோ?”

லூசியா அக்காதான் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “அப்பாவுக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றார்.

அது போதும். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்றால் மிச்சம் இருப்பது ஒருவர்தானே.

நம்முடைய ஆட்களை உமக்குத் தெரியும். சாவுச் செய்தியைப் பெண்பிள்ளையின் கையில் நேரே கொடுக்கமாட்டார்கள். புருசன் வரவேண்டும், அவன் முதலில் பார்க்கவேண்டும். மடுத்தீன் அன்று பாரிசுக்கு வெளியே ஒரு கலியாணச் சமையலுக்குப் போயிருந்தார். தேடிப் பிடித்து ரயிலில் கூட்டிவர நான்கு மணித்தியாலம். அவ்வளவு நேரமும் உம்முடைய அட்டை பொன்னம்பலம் அண்ணையின் சட்டைப் பைக்குள் இருந்தது. கறுப்புக் கரை மட்டும் வெளியே தெரிந்தது. மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் பையைக் கையால் பொத்திக்கொண்டு, “மடுத்தீன் வரட்டும் தங்கச்சி” என்றார்.

அறைக்குக் கூட்டிவந்தார்கள். ஆறாம் மாடி. இரண்டு பேர் இருந்தாலே மூச்சு முட்டுகிற அறைக்குள் பதினொரு பேர். செபமாலை தொடங்கியது. ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சொல்லிவைக்கப் போனார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று யாரோ சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடியும் ஏறிவந்தார்கள். பேர்ளி பாலுக்கு அழுதாள். நான் கையை நீட்ட லூசியா அக்கா தரவில்லை. “துக்கத்தோடை பால் குடுக்கப்படாது பிள்ளை, குழந்தைக்குக் கூடாது.” கீழே வாசல் பார்க்கிற ஜிஸ்லேன் மாட்டுப்பால் காய்ச்சிக் கொண்டுவந்தா. பேர்ளி அதைத் துப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்து அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணையின் முகத்தை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை. அவருடைய கையெழுத்துத்தான் வந்தது.

மூன்று மணிக்கு மடுத்தீன் வந்தார். கோட்டுக்குக் கீழே ஈர ஏப்ரன். அட்டையை வாங்கி வாசித்தார். திரும்ப வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“லாம்பு ஏந்தியவரோ? இம்மா, இது உங்கடை அந்தக் கோதாரி விளையாட்டெல்லோ?”

நான் அட்டையைப் பறித்தேன். உம்முடைய எழுத்து. சிரித்துவிட்டேன், ராதாகிருஷ்ணன். பதினொரு பேர் அழுதுகொண்டிருக்கிற அறைக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். “ஐயோ, பிள்ளைக்கு விசர் பிடிச்சிட்டுது” என்று லூசியா அக்கா சிலுவை போட்டார்.

பிறகு நான் விளக்கவேண்டியிருந்தது. பட்டம் பெற்ற ஒருத்தி, கைப்பிள்ளையின் தாய், பதினொரு பேருக்கு முன்னால் நின்று, என் அண்ணை ஒரு விளையாட்டுக்குள் செத்துவிட்டார் என்று விளக்கினேன். பொன்னம்பலம் அண்ணை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, மனிசர் தாயம் விளையாடுறது. காட்ஸ் விளையாடுறது. செத்துச் செத்து விளையாடுற விளையாட்டை நான் எங்கையும் கேள்விப்படேல்லை.”

வாசலில் சப்பாத்தைப் போடும்போது அவரே திரும்பிப் பார்த்து, “சரி, விடுங்கோ. உயிரோடை இருக்கிற ஆளைச் செத்திட்டார் எண்டு சனம் அழுதால் அவருக்கு ஆயுசு கெட்டி. உங்கடை அண்ணை நூறு வயசு இருப்பார், பாருங்கோ” என்றார். நான் தாவரவியல் படித்தவள். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேலும் கோபம்தான் வந்தது.

பெயரை மாற்றும் என்று கேட்டேன். உறைக்குள் அனுப்பும் என்று கேட்டேன். உருட்டாதேயும் என்று அதற்கும் முன்னால் கேட்டேன். ஒன்றையும் நீர் செய்யவில்லை.

அந்தச் சாவை அழியும். பதினான்காம் சுற்றை மறுபடி எழுதும். அதுவரை எனக்கு எழுதவேண்டாம்.

இம்மாகுலேற்


லண்டன், 26.5.1987

இம்மா,

எழுதவேண்டாம் என்றாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அட்டைக்காக மன்னிப்புக் கேட்கிறேன். உம்மிடமும், மடுத்தீனிடமும், அந்தப் பதினொரு பேரிடமும். கம்பஸ் பலகையை நினைத்துக்கொண்டு கரை போட்டேன். பிஸ்கற் பேணியை நினைக்கவில்லை. பேர்ளி இப்போது பால் குடிக்கிறாளா? அதை மட்டுமாவது எழுதும்.

ஆனால் அட்டை வேறு, சாவு வேறு. அதை அழிக்கமாட்டேன். மே 9 வரை கட்டளை வரவில்லை. யோன் எரிகிற லாம்போடு நான்காம் படிக்கட்டில் நின்றான். அந்த இருட்டில் இருக்கிற அது வந்தது. தப்புவதற்குப் பதினொன்று வேண்டியிருந்தது. கட்டை மூன்றில் விழுந்தது. கல்லாவுக்கு மேல், வெளிச்சத்தில் உருட்டினேன்.

ஒருவர் அழுகிறார் என்பதற்காக எழுப்பினால், அடுத்த சுற்றில் நீர் ஒரு கதவைத் திறக்கும்போது யாருக்கு நெஞ்சு இடிக்கும்? ஆறு வருடமாக உம்முடைய இம்மாகுலேற் சாகாமல் இருப்பது உம்முடைய கெட்டித்தனம் என்று நீர் நம்புகிறீரல்லவா? நடுவர் இரங்குவார் என்று ஒருதரம் தெரிந்தால் அந்தக் கெட்டித்தனமும் பொய்யாகிவிடும். யோனே இதற்குச் சம்மதிக்கமாட்டான்.

அவன் கடிதம் வரட்டும். புதிய ஆளைச் செய்வோம். மூன்று கட்டை, ஐந்து நிமிட வேலை.

ராதா


பாரிஸ், 3.6.1987

ராதாகிருஷ்ணன்,

புதிய ஆளைச் செய்ய ஐந்து நிமிடம் என்று எழுதியிருக்கிறீர். பேர்ளியைச் செய்ய எனக்கு முப்பத்தாறு மணித்தியாலம் பிடித்தது. இப்போது பால் குடிக்கிறாள். கேட்டதற்கு நன்றி.

நேற்றுத்தான் பொன்னம்பலம் அண்ணை சொன்னார். மடுத்தீன் வரமுன்னமே, நல்ல மனதோடு, தபால் கந்தோருக்கு ஆள் அனுப்பி எங்கள் அப்பாவுக்கு அனுதாபத் தந்தி அடித்துவிட்டாராம். இவ்வளவு நாளும் சொல்லப் பயந்திருக்கிறார்.

அப்பாவுக்கு இருதய வருத்தம். மகன் செத்துவிட்டான் என்று பாரிஸிலிருந்து தந்தி. அண்ணை அந்த நேரம் வீட்டில் இல்லாவிட்டால்? ஏற்கெனவே பல நாளாக வீட்டில் இல்லாமல் இருந்தால்?

யோன் சாகவில்லை என்று நானும் ஒரு தந்தி அடித்திருக்கிறேன். இரண்டில் எது முந்தும்? அதற்கும் உம்மிடம் ஒரு கட்டை இருக்கிறதா?

என் கடைசிக் கட்டளை: இம்மாகுலேற் கயிற்றை அவிழ்க்கிறாள், படியேறுகிறாள், கோட்டையை விட்டு வெளியே போகிறாள். இதற்கு உருட்டத் தேவையில்லை.

இம்மாகுலேற்


லண்டன், 17.6.1987

இம்மா,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

இரண்டாம் வருடம், மழை நாள், விடுதியில் மின்சாரம் இல்லை. விளையாட்டில் ஓர் இரும்புப் பாலத்தில் நீர் ஓடினீர். கட்டையை உருட்டிவிட்டு நான் மெழுகுதிரியைச் சரிசெய்கிற சாட்டில் கையால் மறைத்தேன். பதினாறு என்று சொன்னேன். விழுந்தது ஒன்று. நீர் எழும்பித் துள்ளினீர். யோன் மட்டும் என்னைப் பார்த்தான். ஆகவே நடுவர் இரங்கமாட்டார் என்று நான் எழுதியதெல்லாம் பொய். ஒருதரம் இரங்கியிருக்கிறேன். ஏன் என்று இப்போது எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

அப்படியென்றால் யோனுக்கு ஏன் அதைச் செய்யவில்லை என்று கேட்பீர். செய்திருக்கலாம். கல்லாவில் நான் மட்டும்தான் இருந்தேன். மூன்று விழுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

தை மாதத்துக்குப் பிறகு அவனுக்கு நானும் நான்கு கடிதம் போட்டேன், இம்மா. ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. உமக்குச் சொல்லவில்லை. அவன் எழுதுவான், எழுதுவான் என்று உமக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டையில் பொய் சொன்னால், அவனுக்கு ஒரு பொய் தேவைப்படுகிறது என்று நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். உயிரோடு இருக்கிற சிநேகிதனை எப்படிக் கொல்வோமோ அப்படியே கொல்லவேண்டும் என்று நினைத்தேன். பகிடியாக, கறுப்புக் கரை போட்டு. தவத்துக்குச் செய்ததுபோல. அப்படிச் செய்தால் அவன் அடுத்த கடிதத்தில் வந்து என்னைத் தூசணத்தில் பேசுவான் என்று நினைத்தேன்.

அழித்துவிட்டேன். புதிய தாள் இதோடு இருக்கிறது. யோன் காயப்பட்டு, நான்காம் படிக்கட்டில் மூச்சோடு கிடக்கிறான். நீர் இறங்கிப் போய்த் தூக்கினால் போதும். விதி எதுவும் கேட்கமாட்டேன்.

அப்பாவின் செய்தி வந்தால் ஒரு வரி எழுதும்.

ராதா


பாரிஸ், 9.7.1987

அன்பின் ராதா,

மறுபடி பிந்திவிட்டேன். இந்த முறை பேர்ளியைச் சாட்டமாட்டேன். என்ன எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன்.

திங்கட்கிழமை பொன்னம்பலம் அண்ணை கடையைப் பூட்டாமலே ஆறு மாடியும் ஓடி ஏறிவந்தார். மூச்சு இல்லை. உறையை என் கையில், நேரே என் கையில், தந்தார். “மடுத்தீன் வரத் தேவையில்லை, நீங்களே உடையுங்கோ” என்றார். லூர்து யாத்திரைக்கு வந்த மன்னார்ச் சுவாமியார் ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அண்ணையின் கையெழுத்து. தேதி ஜூன் 11. உம்முடைய அட்டையில் அவர் செத்து ஒரு மாதமும் இரண்டு நாளும்.

அவர் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

“தங்கச்சி, திங்கட்கிழமை உன்னுடைய தந்தி வந்தது: யோன் சாகவில்லை. நான் சாகவில்லை என்று எனக்கே பாரிஸிலிருந்து தந்தி வந்தால் நான் என்ன நினைக்கிறது? அப்பா பயந்துவிட்டார், உனக்குத்தான் ஏதோ சுகமில்லை என்று. செவ்வாய்க்கிழமை மற்றத் தந்தி வந்தது: யோன் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம். அதையும் கையெழுத்துப் போட்டு நானேதான் வாங்கினேன். தபால்காரர் என் முகத்தைப் பார்க்கிறார், தாளைப் பார்க்கிறார். அப்போதுதான் விளங்கியது. ராதா என்னைக் கொன்றுவிட்டானா? சித்திரை மாதமே கட்டளை எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டேனே. அவர் கடல் தாண்டி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய்ச் சேரவில்லைப் போலிருக்கிறது. திரும்ப எழுதுகிறேன், அவனுக்கு அனுப்பு. பதினான்காம் சுற்று, யோன்: லாம்பை அணைத்துவிட்டு, அசையாமல் நிற்கிறேன். எலும்புக்கூடுகள் எல்லாவற்றின் கையிலும் விளக்கு இருந்தது என்று ராதா பன்னிரண்டாம் சுற்றில் எழுதியிருந்தான். நீயும் தவமும் வெளிச்சத்தில் இருக்கிறீர்கள், கவனித்திருக்கமாட்டீர்கள். இங்கே பொழுதுபட்டால் லாம்பை அணைத்துவிட்டு அசையாமல் இருக்கிற எங்களுக்கு அது விளங்க ஒரு நிமிடமும் பிடிக்காது. அப்பா சுகம். பேர்ளிக்கு எத்தனை பல்?”

இதை வாசித்துவிட்டுப் பன்னிரண்டாம் சுற்றுத் தாளைத் தேடி எடுத்தேன். இருக்கிறது. ஆறாவது வரி. கேள்வி கேட்கவில்லை என்று நீர் என்னைக் குறை சொன்னது சரிதான். வாசித்துக் கண்டுபிடித்தவன் எழுதிய கட்டளையைத் தபால் தின்றுவிட்டது, நீர் அவனைக் கொன்றுவிட்டீர் என்று நான் சொல்வதும் சரிதான். எந்த விதியைக் கொண்டு பார்த்தாலும் யோன் தப்பியிருக்கவேண்டியவன். வழக்கு எனக்கே தீர்ந்திருக்கிறது.

ஆனாலும் உம்முடைய புதிய தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அழித்ததை அழித்துவிடும். யோன் செத்தவனாகவே இருக்கட்டும்.

சிரிக்காதேயும். கடிதத்தின் தேதி ஜூன் 11. இன்று ஜூலை 9. நடுவில் இருக்கிற இருபத்தெட்டு நாளுக்கு என்னிடம் ஒன்றுமில்லை, பொன்னம்பலம் அண்ணையின் வாக்கைத் தவிர. பதினொரு பேர் அவருக்காக உண்மையாக அழுதிருக்கிறார்கள். ஜிஸ்லேன் யாரென்று தெரியாமலே அழுதா. அந்த அழுகைக்கு ஏதாவது பலன் இருக்குமென்றால் அதை நான் அண்ணையிடமிருந்து திரும்ப எடுக்கமாட்டேன். அங்கே எழுப்பி, இங்கே என்ன ஆகுமென்று பார்க்க எனக்குத் துணிவில்லை. தாவரவியலுக்கும் எனக்கும் இந்த விசயத்தில் பேச்சுவார்த்தை இல்லை.

இரும்புப் பாலத்தைப் பற்றி. பதினாறு விழுந்தபோது நான் உம்முடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ராதா. தெரியும். துள்ளியது பொய்யில்லை.

கடைசிக் கட்டளை என்று ஒன்று அனுப்பியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். நடுவர் அனுமதித்தால்.

பதினைந்தாம் சுற்று, இம்மாகுலேற்: கயிற்றை அரையில் கட்டிக்கொண்டு நான்காம் படிக்கட்டுக்கு இறங்குகிறேன். யோனின் கையிலிருந்து லாம்பை எடுக்கிறேன். கொளுத்தவில்லை. அசையாமல் நின்று அந்த இருட்டைக் கேட்கிறேன்.

உருட்டும். என்ன விழுகிறதோ அதையே எழுதும். உறைக்குள் வைத்து.

இம்மா